காசும் பெட்டியும்

தமிழ்மொழித்தினப் போட்டிகள் நெருங்கும் காலத்தே பள்ளி மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் கூற்றொன்று உண்டு. ஆங்கிலேயர் ரொக்கப் பணத்தைக் 'காஷ்' என்கின்றனர். அது நம் 'காசு' என்பதன் திரிபே என்பது அக்கூற்று. கேட்போர் கைதட்டுகின்றனர், மாணவர் குறித்துக்கொள்கின்றனர். ஓசையும் ஒக்கின்றது, பொருளும் ஒக்கின்றது. இனி ஆராய்வதற்கு என்ன உளது என்று ஆசிரியருங்கூட அமைந்துவிடுகின்றனர்.

ஆயின், அக்கூற்றுப் பிழை. ரொக்கத்தைக் குறிக்கும் 'காஷ்' நம் கரையிற் பிறந்ததன்று. இலத்தீனில் 'கப்சா' என்பது பெட்டி. அஃது இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் உருத்திரிந்து பணப்பேழைக்குப் பெயராயிற்று. 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துட் புகுந்தபோது பேழையையும் அதனுட் கிடந்த பணத்தையும் ஒருங்கே குறித்தது. நாளடைவிற் பேழை மறையப் பணம் நின்றது. நம் இலக்கண நூலார் இதனை இடவாகுபெயர் என்பர்.

மூக்குக்கண்ணாடி வைக்கும் 'கேஸ்' அப்பேழையின் உடன்பிறப்பு. நீதிமன்றத்துக் 'கேஸ்' அதுவன்று. வீழ்தலைக் குறிக்கும் வேறோர் இலத்தீன் அடியிற் பிறந்தது. பணம் எண்ணும் 'காஷியர்' பெட்டியின் வழிவந்தவர். படையதிகாரியை இழிவுபட நீக்குதலைக் குறிக்கும் அதே வடிவச் சொல்லோ ஒல்லாந்தர் மொழிவழி வந்த பிறிதொன்று. ஓசை ஒப்புமை உறவுக்குச் சான்றாகாது என்பதற்கு இக்குடும்பம் ஒன்றே போதும்.

வியப்பு இதன் பின்னரே. ஆங்கிலப் பேரகராதிகளில் 'காஷ்' என்று மற்றுமொரு சொல் தனித்தலைப்பிலே நிற்கின்றது. அதன் பொருள் சிறு நாணயம். அதுவே நம் காசு. போர்த்துக்கேயர் காசு என்பதைச் செவியுற்று, தம் மொழியிற் பெட்டியைக் குறிக்கும் 'காய்ஷா' என்னும் சொல்லின் வடிவிலேயே அதனை எழுதினர். ஆங்கிலேயர் அவ்வழிப் பெற்றனர். தமிழ்ச்சொல்லும் இலத்தீன்சொல்லும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டது இங்ஙனமே. சென்னையில் 1818 இல் ரூபாய் முறை வரும்வரை, கும்பினியார் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திரப் பகோடா. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம். நடுவே சதுரத்துளை உள்ள சீனத்துச் செப்பு நாணயத்தையும் ஆங்கிலேயர் இப்பெயராலேயே அழைத்தனர். நம் சொல் சீனம் வரை சென்றிருக்கின்றது. இதனை மேடையிற் சொல்வாரைக் காணோம்!

தமிழிலோ காசு என்பது நாணயம் மட்டுமன்று. குறுந்தொகையிலே அள்ளூர் நன்முல்லையார், கிளி தன் அலகிற் பற்றிய வேப்பம்பழத்துக்கு, புதுநூலிற் கோப்பவன் நகநுனியிற் பிடித்த பொற்காசை உவமை கூறுகின்றார். வேப்பம்பழம் தட்டையானதன்று. ஆதலின் ஆங்குக் காசு என்றது அணியிற் கோக்கும் மணியையே. சோழர் கல்வெட்டுக்களில் அது நாணயமாகிவிடுகின்றது; ஈழக்காசு என்ற பெயரும் அவற்றிற் பயில்கின்றது. வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு உரிய நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளை அறியாத தமிழ் மாணவர் இலர். வடமொழிக் 'கர்ஷம்' என்பதோடு இச்சொல்லை இயைப்பாரும் உளர். சங்கச் செய்யுளின் மணிப்பொருளை அவர்கள் போதிய அளவு கருதினர் என்று நமக்குத் தோன்றவில்லை.

எழுத்திற் பணம் என்று எழுதினும் நம் பகுதியார் வாயிற் பயில்வது காசே. மண்முனைத்துறையில் 2014 இல் பாலம் திறக்கப்படும்வரை, பாதையேறிக் கொக்கட்டிச்சோலைக்கு வந்தோர் கொடுத்ததும் காசு. வங்கியிற் காசோலை, தபாலகத்திற் காசுக்கட்டளை, வணிகக்கல்வி மாணவர் கையிற் காசேடு. ஆங்கில ஓசையை ஒட்டி ஆக்கியவை இவை என மயங்குவோர் உளர். இவற்றிலுள்ள காசு கலப்பற்ற தமிழ்வழக்கே.

கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் முதலியன ஆங்கிலத்துக்கு நாம் ஈந்தவை என்பதில் ஐயமில்லை. பிழையான ஒன்றை இவற்றோடு சேர்த்து எண்ணினால், அகராதியைப் புரட்டிப் பார்க்கும் அயலார் எஞ்சியவற்றையும் ஐயுறுவர். அதனினும் கவலைக்குரியது, புரட்டிப் பாராமலே நம்பும் மாணவனின் நிலை. அடுத்த போட்டிக்குப் பேச்சு எழுதிக் கொடுக்கும் ஆசிரியன்மார் ரொக்கத்தை விடுத்து, அந்தச் சீனத்துச் செப்புக்காசை எழுதிக் கொடுப்பார்களாக.