காரைக்குப் போகாமல் நிலவியல் பட்டமா?

முதுநிலை நிலவியல் பாடம் எடுப்பவன் நான். களப்பயண நாட்களைச் சுருக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. பெரம்பலூர் மாவட்டம் காரையில், மழை அரித்த களிமண் மேடுகளில் நடந்தால் காலடியிலேயே பெலம்னைட் என்ற பழங்காலக் கடலுயிரியின் புதைபடிவங்கள் கிடக்கும். வெயிலில் ஜிப்சம் பளபளக்கும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. பக்கத்துச் சாத்தனூரில் கல்லாகிப்போன 18 மீட்டர் மரம் கிடக்கிறது, நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்டறிந்தது. பாறை அடுக்கின் சாய்வைத் தன் கையால் அளக்காத மாணவருக்கு, ஸ்லைடில் நூறு படம் காட்டினாலும் அந்தக் கடல் புரியாது.

நாளை சுண்ணாம்புக்கல் குவாரிக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை எழுதப்போவதும், போர்வெல் எங்கே போடலாம் என்று விவசாயிக்குச் சொல்லப்போவதும் இந்த மாணவர்கள்தாம். தண்ணீர் வராவிட்டால் கடன் விவசாயி தலையில்தான் விழும்.

நாட்களைச் சுருக்காமல் விட்டால் மட்டும் போதாது; களப்பயணச் செலவைப் பல்கலைக்கழகங்களே முழுதாக ஏற்க வேண்டும். என் வகுப்பில் பணமில்லாமல் பின்வாங்கியவர்கள் பெரும்பாலும் கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் அனுப்பத் தயங்கும் மாணவிகளுக்காக, ஒவ்வொரு பயணத்திலும் ஒரு பேராசிரியை கட்டாயம் உடன் செல்ல வேண்டும்.