பழைய ஸ்டீரியோவுக்கு மறுவாழ்வு

தூசு படிந்த ஸ்டீரியோவைக் காயலான் கடைக்குப் போடும் முன் சற்று யோசிக்கலாம். செல்போன் பாட்டு அதில் சோகையாக ஒலித்தால், குற்றவாளி பெரும்பாலும் ஸ்பீக்கர் அல்ல. வழியில் நடக்கும் சுருக்கல்தான். சி.டி.யில் விநாடிக்கு 1,411 கிலோபிட் தகவல். ப்ளூடூத்தின் சாதாரண எஸ்.பி.சி. முறையில் போவது சுமார் 328தான். ஆப்பிள் மியூசிக் 2021இல் கூடுதல் கட்டணமின்றிச் சி.டி. தர இசையைத் தரத் தொடங்கியது. ப்ளூடூத்தில் கேட்டால் அது பாதி வழியிலேயே கரைந்துவிடும்.

பரிகாரம் எளிது. ஆப்பில் ஒலித்தரத்தை உயர்த்த வேண்டும். போனின் யு.எஸ்.பி. துளையில் டிஜிட்டல்-அனலாக் மாற்றி ஒன்றைச் செருகி, அதிலிருந்து கேபிளை ஆம்ப்ளிஃபயரின் ‘ஆக்ஸ்’ துளைக்குக் கொண்டுபோக வேண்டும். ‘ஃபோனோ’ வேண்டாம்; அது இசைத்தட்டுக்கானது. டேட்டா அதிகம் செலவாகும், வை-ஃபை நல்லது. ஒலிப்பதிவே மோசமென்றால் மட்டும் எந்தக் கேபிளும் காப்பாற்றாது.