“நான் மிதிக்கவே இல்லை”

பவர் பிரஸ்ஸில் விரல் போன தொழிலாளி மயக்கம் தெளிந்ததும் சொல்லும் முதல் வார்த்தை பல நேரம் ஒன்றுதான்: “நான் பெடலை மிதிக்கவே இல்லை, அதுவா அடிச்சிடுச்சு.” கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் சிட்கோ பேட்டையிலும் பிரஸ் ஷாப்களோடு பழகிய நம் வாசகர்களில் இதைக் கேட்காதவர் குறைவு. ஆனால் விபத்துப் பதிவேட்டைத் திறந்தால் காரணம் என்ற கட்டத்தில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்றிருக்கும். அவர் சொன்னது அங்கே இருக்காது.

அந்த வார்த்தையை என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். இதே வார்த்தையை அமெரிக்காவில் காவலர்கள் ஒரு கைத்துப்பாக்கியைக் காட்டிப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அந்த வரலாறு நம் பாதுகாப்பு அலுவலர்களுக்கும் பராமரிப்புப் பொறியாளர்களுக்கும் நேரடியாகப் பயன்படும் என்பதால் அதை விரிவாகவே சொல்கிறேன்.

சிக் சாவர் நிறுவனத்தின் பி320 கைத்துப்பாக்கி 2014இல் விற்பனைக்கு வந்தது. 2017 ஜனவரியில் அமெரிக்கத் தரைப்படை தன் புதிய கைத்துப்பாக்கியாக இதன் ராணுவ வடிவங்களான எம்17, எம்18 ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தது. அதே மாதம் கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டாம்ஃபோர்டில் காவலர் ஒருவரின் பி320 உறையோடு கீழே விழுந்து வெடித்தது. குண்டு அவர் காலில் பாய்ந்தது. ஆகஸ்ட்டில் டல்லஸ் காவல்துறை இந்தத் துப்பாக்கியின் பயன்பாட்டை நிறுத்தி வைத்தது. துப்பாக்கியின் பின்பகுதி குறிப்பிட்ட கோணத்தில் தரையில் மோதினால் அது வெடிக்கிறது என்பதைத் தனியார் சோதனைகள் படம்பிடித்துக் காட்டின. காரணம் எளிமையானது. ட்ரிகர் கனமாக இருந்தது. விழுந்த துப்பாக்கி தரையில் சட்டென்று நின்றபோது ட்ரிகர் மட்டும் நிற்காமல் பின்னோக்கி நகர்ந்து, விரல் செய்யும் வேலையைத் தானே செய்துவிட்டது. உடனே நிறுவனம் ட்ரிகர் உள்ளிட்ட பாகங்களை எடை குறைத்துக் கொடுத்தது. அதற்கு வைத்த பெயர் ‘விருப்பத்தின் பேரிலான மேம்படுத்தல்’. திரும்பப் பெறுதல் என்ற சொல்லை அது பயன்படுத்தவில்லை. அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கிகள் மீது அதிகாரம் கிடையாது என்பதால் அந்தச் சொல்லைப் பயன்படுத்த வைக்கவும் ஆளில்லை.

இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறொரு தகவல். தரைப்படையின் சோதனைகளிலேயே விழுந்தால் வெடிக்கும் குறை தெரிந்து, ராணுவத்துக்கான துப்பாக்கியில் எடை குறைந்த பாகங்கள் போடப்பட்டன. பாதுகாப்புத் துறையின் சோதனைப் பிரிவு பின்னர் வெளியிட்ட ஆண்டறிக்கையில் இது பதிவாகியிருக்கிறது. பெரிய வாடிக்கையாளரின் சோதனையில் தெரிந்த குறை, சின்ன ஊர்க் காவலரின் இடுப்பிலிருந்த துப்பாக்கியில் அப்படியே இருந்தது. கார் கம்பெனியின் தணிக்கைக்கு உட்பட்ட வெண்டாரின் ஷெட்டில் கை குறுக்கிட்டால் பிரஸ்ஸை நிறுத்தும் லைட் கர்ட்டன் ஒளிர, அவருக்கு வேலை செய்துதரும் மூன்றாம் அடுக்கு வெண்டாரின் ஷெட்டில் வெறும் பெடல் மட்டும் இருப்பதை நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோமே, அது இதே வகை.

விழுந்தால் வெடிக்கும் குறை சரிசெய்யப்பட்ட பிறகும் புகார்கள் நிற்கவில்லை. உறையில் இருக்கும்போதே, விழாமலே, ட்ரிகரைத் தொடாமலே வெடித்தது என்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ட்ரிகரை இழுக்காமல் பி320 எந்தச் சூழ்நிலையிலும் வெடிக்காது என்பது நிறுவனத்தின் உறுதியான நிலை. 2024இல் மிச்சிகன் மாநிலக் காவலர் ஒருவரின் உறையில் இருந்த எம்18 வெடித்ததை ஆராய்ந்த எஃப்பிஐ ஆய்வகம், தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசியான ஸ்ட்ரைக்கரைத் தடுக்கும் பூட்டு சில நிலைமைகளில் செயலிழக்க முடியும் என்று எழுதியது. நிறுவனம் அதையும் ஏற்கவில்லை.

பி320இன் உள்ளே இருப்பதையும் நம் பழைய சாவி கிளட்ச் பிரஸ்ஸின் உள்ளே இருப்பதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். க்ளாக் போன்ற துப்பாக்கிகளில் ஸ்ட்ரைக்கரின் ஸ்பிரிங் பாதிதான் இழுபட்டு நிற்கும். மீதியை விரல்தான் இழுக்க வேண்டும். பி320இல் அது ஏறக்குறைய முழுவதும் இழுபட்டே நிற்கிறது. சியர் என்ற சிறு உலோக விளிம்பு அதைப் பிடித்து வைத்திருக்கிறது. தவறினால் தடுக்க ஒரு பூட்டும் உண்டு. சாவி கிளட்ச் பிரஸ்ஸில் ஃப்ளைவீல் எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் மொத்த வேகத்தையும் கிராங்க் ஷாஃப்ட்டுக்குக் கொடுக்காமல் தடுப்பது சாவியின் வாலைப் பிடித்திருக்கும் ஒரு கொக்கி. பெடலை மிதித்தால் கொக்கி விலகும், ஸ்பிரிங் சாவியைத் திருப்பும், தகட்டை அடிக்கும் பாகமான ராம் இறங்கும். ஒரு சுற்று முடிந்து மேலே வரும்போது கொக்கி மறுபடி வாலைப் பிடிக்க வேண்டும். பெடலைத் திருப்பும் ஸ்பிரிங் தளர்ந்தால் பிடிக்காது. சாவியின் விளிம்பு தேய்ந்து உருண்டுவிட்டால் பிடித்தும் நழுவும். பிரேக் பட்டை எண்ணெய் குடித்திருந்தால் ராம் உச்சியைத் தாண்டி வழியும். நழுவினால் மிதிக்காமலே ராம் மறுபடி இறங்கும்; அதுதான் ‘டபுள் ஸ்ட்ரோக்’. இந்த வகைக் கிளட்ச்சில் ஒருமுறை சாவி விழுந்துவிட்டால் சுற்று முழுவதும் முடியும்வரை எவராலும் நிறுத்த முடியாது.

இரண்டிலும் சேமித்த ஆற்றலை ஒரு சின்ன விளிம்பு தாங்குகிறது. விளிம்பு தேயக்கூடிய பொருள். இதை அறிந்த எந்த ஃபிட்டரும் “மிதிக்காமல் அடிக்கவே அடிக்காது” என்று சத்தியம் செய்யமாட்டார்.

கோளாறு எப்போதாவதுதான் தலைகாட்டும் என்பது இதன் கொடுமை. ஆயிரம் ஸ்ட்ரோக் சரியாக அடித்த பிரஸ் அடுத்ததில் தவறும். விபத்து நடந்த அரை மணி நேரத்தில் ரத்தத்தைத் துடைத்து, கிரீஸ் வைத்து, ஸ்பிரிங்கை இறுக்கி, நாலு முறை மிதித்துப் பார்த்து, “மெஷின் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லி உற்பத்தியைத் தொடங்கிவிடுகிறோம். அந்த நாலு மிதியில் எதுவும் நிரூபணமாகவில்லை. சாட்சியம் மட்டும் அழிந்துவிட்டது.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். 2025 ஜூலை 20 அன்று வயோமிங் மாநிலத்தின் வாரன் விமானப்படைத் தளத்தில் எம்18 வெடித்து வீரர் ஒருவர் இறந்தார். விமானப்படையின் உலகளாவிய தாக்குதல் கட்டளைப் பிரிவு உடனே அந்தத் துப்பாக்கியின் பயன்பாட்டை நிறுத்தியது. சில வாரங்களில் பொய்த் தகவல் கொடுத்தது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளின் பேரில் இன்னொரு வீரர் கைதானார். சோதனைகளுக்குப் பிறகு எம்18 பணிக்குத் திரும்பியது. இயந்திரத்தின் மீது பழி போட்டுத் தப்பிப்பவர்களும் உண்டு. ஆனால் அங்கே வரிசை எப்படி இருந்தது என்பதைக் கவனியுங்கள்: முதலில் ஆயுதத்தை நிறுத்தினார்கள், அதன் பிறகே மனிதரின் பங்கைப் பற்றிப் பேசினார்கள். நம் ஷெட்களில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

விரல் உண்மையிலேயே ட்ரிகரைத் தொட்டிருந்தால்? அப்போதும் விசாரணை முடிந்துவிடாது. 2024 ஜூனில் ஜார்ஜியாவில் நடுவர் குழு ஒன்று 23.5 லட்சம் டாலரும், நவம்பரில் பிலடெல்ஃபியாவில் இன்னொரு குழு 1.1 கோடி டாலரும் இழப்பீடு வழங்கச் சொன்னபோது, விவாதத்தின் மையத்தில் இருந்தது வடிவமைப்பு. ராணுவ எம்17, எம்18 துப்பாக்கிகளில் கட்டைவிரலால் தள்ளும் பூட்டு உண்டு. காவலர்களும் பொதுமக்களும் வாங்கிய பி320களில் பெரும்பாலானவற்றில் இல்லை. க்ளாக்கில் இருப்பது போன்று ட்ரிகருக்குள்ளேயே பொதிந்த பாதுகாப்பு நாக்கும் அதில் இல்லை. தெரியாமல் பட்டாலே உயிரைப் பறிக்கும் அளவுக்கு இளகிய ஒரு விசையை இடுப்பில் மாட்டிக்கொண்டு ஓடும் வேலைக்காரருக்கு விற்கலாமா என்பதுதான் கேள்வி.

இதை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவாருங்கள். கால் பெடல் மீது மூடி இல்லை. கீழே விழுந்த ஸ்கிராப் துண்டு அதன் மேல் உருள்கிறது, ஹெல்பரின் கால் படுகிறது, ராம் இறங்குகிறது. “மிதித்தது அவர்தான்” என்று எழுதிவிட்டால் பெடல் மூடிக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. அரியானாவின் வாகன உதிரிபாகத் தொழிலில் கை நசுங்கியவர்களைத் தொடர்ந்து பதிவுசெய்து வரும் சேஃப் இன் இந்தியா அமைப்பின் ‘க்ரஷ்டு’ அறிக்கைகளில் பவர் பிரஸ்தான் ஆண்டுதோறும் முன்னால் நிற்கிறது. அங்கே அடிக்கும் பிரஸ்ஸும் இங்கே அடிக்கும் பிரஸ்ஸும் ஒரே இனம்.

இயந்திரமே சாட்சி வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 2024 அக்டோபர் 11 இரவு நம் கும்மிடிப்பூண்டிப் பாதையில் கவரைப்பேட்டையில் நடந்ததை மறந்திருக்கமாட்டோம். பாக்மதி எக்ஸ்பிரஸ்ஸுக்கு மெயின் லைனுக்கான பச்சை சிக்னல் கிடைத்திருந்தது. ரயிலோ லூப் லைனில் திரும்பி, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. அன்று லோகோ பைலட் மீது பழி ஒட்டிக்கொள்ளாததற்கு ஒரு காரணம், எந்த சிக்னல் எந்த நேரத்தில் கொடுக்கப்பட்டது என்பதை நிலையத்தின் பதிவுக் கருவி வைத்திருந்தது. விசாரணை நேராகத் தண்டவாளம் பிரியும் பாயிண்டின் பொருத்துகளின் பக்கம் போயிற்று. நம் பிரஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி ஒரு சாட்சி இல்லை. பெடலிலும் கிராங்கிலும் தலா ஒரு சுவிட்ச் வைத்து ஒரு கவுண்டரோடு இணைத்தால், மிதித்ததும் அடித்ததும் தனித்தனியாகப் பதிவாகும். இரண்டு எண்களும் ஒத்துப்போகாத நாளில் பிரஸ்ஸை நிறுத்தலாம். ஒரு டையின் விலையில் இது எந்த மூலைக்கு?

சட்டம் இந்தக் கேள்வியைத் தொழிலாளியோடு நிறுத்தவில்லை. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்ந்த 7பி பிரிவு, இயந்திரத்தை வடிவமைத்தவர், செய்தவர், இறக்குமதி செய்தவர், விற்றவர் எல்லோர் மீதும் கடமை வைத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தொகுப்பின் 8ஆம் பிரிவிலும் அந்தக் கடமை தொடர்கிறது. பழைய பிரஸ்ஸைக் கைமாற்றி வாங்கும்போது இந்தப் பிரிவின் பெயரைச் சொல்லிச் சோதனை ஆவணம் கேட்கும் பாதுகாப்பு அலுவலர் எத்தனை பேர்? பிரிட்டனில் 1965ஆம் ஆண்டின் பவர் பிரஸ் விதிகள், நியமிக்கப்பட்ட ஒருவர் ஒவ்வொரு வேலைநேரத்தின் முதல் நான்கு மணி நேரத்துக்குள் பாதுகாப்புச் சாதனங்களைச் சோதித்துக் கையெழுத்திட வேண்டும் என்றன. டை மாற்றினாலும் அப்படியே. அறுபது ஆண்டுப் பழைய நடைமுறை அது. அதைத் தொடங்க நமக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

காயம் படாத டபுள் ஸ்ட்ரோக்கையும் அந்த நோட்டில் எழுத வேண்டும். ‘ரிப்பீட் அடிச்சுது, நல்லவேளை கை உள்ளே இல்ல’ என்று டீக்கடையில் பேசி முடிந்துபோகும் ஒவ்வொன்றும் அடுத்த விபத்தின் முன்னறிவிப்பு. விபத்து நடந்துவிட்டால் சாவி, கொக்கி, ஸ்பிரிங் மூன்றையும் துடைக்காமல் கழற்றிப் பையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அதிகாரி வந்து பார்க்கும்வரை அந்த பிரஸ் அடிக்கக் கூடாது. ஆர்டர் நெருக்கடியில் இது எவ்வளவு கடினம் என்பது திருவாலங்காட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை உள்ள நம் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடினம் என்பதற்காக விட்டுவிட முடியாது.

காயம்பட்டவரின் வாக்குமூலத்தை இன்று பல ஷெட்களில் சூப்பர்வைசர்தான் எழுதுகிறார். பிரஸ்ஸில் நிற்பவர் பெரும்பாலும் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த காண்ட்ராக்ட் தொழிலாளி. அவர் ஒடியாவிலோ இந்தியிலோ சொன்னது தமிழில் எழுதப்பட்டு, ஆங்கிலப் படிவத்துக்குப் போகும்போது ‘நான் மிதிக்கவே இல்லை’ எங்கோ உதிர்ந்துவிடுகிறது. அவர் மொழியில், அவர் சொன்னபடியே, சூப்பர்வைசரின் அறிக்கைக்கு முன்பாக அதை எழுதி வாங்குங்கள். கைபேசியில் குரலைப் பதிவுசெய்தாலும் போதும்.