மரத்துக்கு முன் மழையை நடு!

ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை, சராசரியாக 30 சென்டிமீட்டர்கூடக் கிடையாது. கோடையில் வெயில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பாலைவனத்தில் இருக்கும் டூசான் நகரத்தின் நிலவரம் இது.

இப்படிப்பட்ட ஊரில் ஒவ்வொரு சொட்டு மழையையும் பொத்திப் பாதுகாப்பார்கள் என்றுதானே நினைக்கத் தோன்றும்? பல காலம் நடந்தது நேர்மாறு.

அங்கும் ஒரு ‘மான்சூன்’ உண்டு. ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, ஜூலை முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். தார்ச்சாலை ஒரு சொட்டையும் உறிஞ்சாது. 10 மீட்டர் அகலம், 100 மீட்டர் நீளமுள்ள தெருவில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 25,000 லிட்டர். இரண்டு பெரிய லாரித் தண்ணீர்! அது அத்தனையும் எண்ணெயையும் குப்பையையும் அள்ளிக்கொண்டு ஊரைவிட்டு ஓடிவிடும். அதே நேரத்தில், கொலராடோ ஆற்றுத் தண்ணீர் 500 கிலோமீட்டருக்கு மேல் கால்வாயில் பயணம் செய்து, மேடு ஏற்றப்பட்டு அந்த ஊருக்கு வரும். வீட்டுச் செடிக்கும் அந்தத் தண்ணீர்தான்.

இந்தக் கணக்கை மாற்றிப் போட்டவர்களில் ஒருவர் பிராட் லான்காஸ்டர். 1995-ல் ஜிம்பாப்வே போனபோது செஃபனாயா ஃபிரி என்ற விவசாயியைச் சந்தித்தார். வறண்ட நிலத்தில் கல்வரப்பும் குழியும் அமைத்து, ஓடுகிற மழையை நிற்கவைத்து மண்ணுக்குள் இறக்கியவர் ஃபிரி. முதலில் தண்ணீரை நட வேண்டும், பிறகுதான் மரத்தை. இந்தப் பாடத்தோடு ஊர் திரும்பினார் லான்காஸ்டர்.

1996-ல் தன் டன்பார் ஸ்பிரிங் பகுதி மக்களோடு தெருவோரம் மரம் நடத் தொடங்கினார். தண்ணீர் தெருவில் ஓடுகிறது; மரம் ஓரத்தில் நிற்கிறது. நடுவில் தடுப்பது ஒரு சாண் உயர கான்கிரீட் கரை. அதை உடைக்கச் சட்டம் இடம் தரவில்லை. அலுவலகங்கள் மூடிக்கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரையை அறுத்து வழிவிட்டார்கள். பிறகு நகர நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லிப் போராடி, 2007-ல் அதையே சட்டபூர்வமாக்கினார்கள்.

எப்படி வேலை செய்கிறது?

கரையில் ஒரு சிறு வாசல். அதற்குப் பின்னால், சாலை மட்டத்தைவிடத் தாழ்வான ஒரு பள்ளம். மழை வந்தால் தண்ணீர் தானாக உள்ளே இறங்கும். நிரம்பிவிட்டால் மிச்சம் அடுத்த வாசலுக்குப் போகும். பம்பு வேண்டாம், கரன்ட் வேண்டாம். பள்ளத்தில் பரப்பிய இலைதழை மண்ணை ஈரமாக வைத்திருக்கும். சாலையிலிருந்து வரும் எண்ணெய்க் கசடை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சிதைக்கும்.

கொசு வராதா? ஒரு நாளுக்குள் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்படி ஆழத்தை அமைப்பதுதான் சூட்சுமம். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்கச் சில நாட்களாவது வேண்டுமே!

நடுவதெல்லாம் உள்ளூர் மரங்கள். அவற்றில் ஒன்றான மெஸ்கீட், தமிழகத்தில் வேரோடு பிடுங்கப் பார்க்கும் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. அங்கே அது மண்ணின் மரம். காயை அரைத்து மாவாக்கிச் சாப்பிடுகிறார்கள்.

யாருக்கு நிழல்?

2008-ல் டூசான் இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. புதிய வணிகக் கட்டடங்கள், தங்கள் தோட்டத்துக்குத் தேவையான நீரில் பாதியை மழையிலிருந்தே பெற வேண்டும். 2020 முதல் தண்ணீர் பில்லோடு சிறு கட்டணமும் வசூலிக்கப்படுகிறது. தொடங்கியபோது அது ஒரு சராசரி வீட்டுக்கு மாதம் சுமார் 1 டாலராக இருந்தது.

எதற்கு இந்தக் காசு? பள்ளம் தோண்டுவது ஒருநாள் வேலை, பராமரிப்பதோ ஆண்டுக்கணக்கு. வண்டல் வந்து வாசலை அடைத்துவிட்டால் மழை பழையபடி தெருவோடு போய்விடும், மரம் காயும். வசதியானவர்கள் ஏ.சி. போட்டுக்கொள்வார்கள். வெயிலில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்கு மரம்தான் கூரை. ஏழைகள் வாழும் தெருக்களிலோ பெரும்பாலும் மரம் குறைவு, சூடு அதிகம். அந்தத் தெருக்களுக்கு முன்னுரிமை தருவதில்தான் திட்டத்தின் உண்மையான வெற்றி இருக்கிறது.

மரக்கன்று நடும் விழாக்களுக்கு எந்த ஊரிலும் குறைவில்லை. குழி தோண்டும் முன் ஒரு மழை நாளில் குடை பிடித்துத் தெருவில் நின்று, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பாருங்கள். கன்றை எங்கே நட வேண்டும் என்பதை அந்தத் தண்ணீரே காட்டிவிடும்.