காளான் முளைத்த நிலவறை



இம்முறை உங்களை அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக்கு அழைத்துப் போகிறேன். ஊரின் பெயர் ஹெர்மன். ஒயினுக்கும் பீருக்கும் பேர்போன சின்ன ஊர். "குடிகாரர் ஊருக்கா குடும்பத்தோடு போவது?" என்று வீட்டுக்கார அம்மா முகம் சுளிக்க வேண்டாம். ஒரே பயிரை நம்பி வாழ்ந்த ஓர் ஊருக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்துவரத்தான் போகிறோம். ரப்பரை நம்பி வாழ்ந்த நமக்கு அது அந்நியக் கதை அல்லவே!

செயின்ட் லூயிஸ் நகரில் காலையில் ரயிலேறுங்கள். ஏறக்குறைய 80 மைல். மிசூரி ஆற்றை ஒட்டி வண்டி ஓடும். இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். சிவப்புச் செங்கல் வீடுகள், தெருவோடு ஒட்டிய வாசற்படிகள். தெருப் பெயர்களைப் படியுங்கள்: ஷில்லர், கெதே, மொசார்ட், குட்டன்பர்க். எல்லாரும் ஜெர்மானியப் பெரியவர்கள். சற்று நடந்தால் ஊர் எவ்வளவு மேடு பள்ளம் என்பதை முழங்கால் சொல்லிவிடும்.

அந்த மேட்டுக்கு ஒரு கதை உண்டு. தங்கள் மொழியும் பழக்கவழக்கமும் அழியாமல் வாழ ஓர் ஊர் வேண்டுமென்று, பிலடெல்பியாவில் இருந்த ஜெர்மானியர்கள் 1836இல் குடியேற்றச் சங்கம் அமைத்தார்கள். மறு ஆண்டு அவர்களுடைய ஏஜண்டு ஜார்ஜ் பேயர் 11,000 ஏக்கருக்கு மேல் வாங்கிப் போட்டார். சங்கத்தார் அங்கிருந்தபடியே தாளில் கோடு கிழித்து மனை பிரித்தார்கள். பெரிய தெரு பிலடெல்பியாவின் மார்க்கெட் தெருவைவிட 10 அடி கூடுதல் அகலம்! தாளில் குன்று தெரியுமா? 1837 டிசம்பர்க் குளிரில் வந்திறங்கிய முதல் 17 பேர் பார்த்ததோ செங்குத்தான காடு.

கோபமெல்லாம் பேயர் மேல் பாய்ந்தது. வேலையை விட்டு நீக்கினார்கள். 1839இல் அவர் இறந்தபோது கல்லறையையும் மற்றவர்களை விட்டுத் தள்ளித் தனியே வைத்தார்கள் என்பது ஊர்ப் பேச்சு. ஏஜண்டு பேச்சை நம்பிக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தக் கோபம் நமக்கு விளங்கும். ஆனாலும் தாளில் கோடு போட்டவர்களை விட்டுவிட்டு, அந்த ஒருவரை மட்டும் தள்ளி வைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏர் ஏறாத சரிவில் திராட்சை ஏறியது. கொடி நடுகிறவர்களுக்கு ஊர்ச் சபையே தவணைக் கடனில் நிலம் கொடுத்தது. 1847இல் குன்றின்மேல் ஸ்டோன் ஹில் ஒயின் ஆலை தோன்றியது. அதன் நிலவறைக்குள் இறங்கிப் பாருங்கள். கல் வளைவுகள், கோடையிலும் உடம்பு சிலிர்க்கும். நம் தோட்டத்துக் கள்ளுக்கடை நாளில், காலையில் இறக்கிய கள் மாலைக்குள் புளித்துப் போனது நினைவிருக்கும். ஒயினுக்கு அந்த அவசரமில்லை. குளிர்ச்சியான இருட்டு கிடைத்தால் ஆண்டுக்கணக்கில் கிடந்து பக்குவப்படும். பீரும் இவ்வூரில் அப்படித்தான் நிலவறையில் குளிர்ந்தது.

ஒட்டுக்கன்று பார்த்தவர்களுக்கு இன்னொரு செய்தி. 1860களுக்குப் பின் பிரான்ஸ் நாட்டுத் திராட்சையின் வேரை ஒரு சிறு பூச்சி தின்று தோட்டம் தோட்டமாக அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேர் அந்தப் பூச்சிக்கு அசையவில்லை. அடியில் அமெரிக்க வேர், மேலே பிரெஞ்சுக் கொடி என்று ஒட்டுக் கட்டித்தான் பிழைத்தார்கள். அதற்காக மிசூரியிலிருந்து குச்சிகளைக் கப்பலேற்றியவர்களில் ஹெர்மனில் வளர்ந்த ஜார்ஜ் ஹஸ்மனும் ஒருவர்.

இவ்வளவு பேர் வாங்கிய ஊரை 1920இல் ஒரு சட்டம் கவிழ்த்தது. நாடு முழுவதும் மதுவிலக்கு! குடியால் கெட்ட குடும்பங்களை நாம் தோட்டத்தில் காணாதவர்களா? சட்டத்தின் நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொடி நட்டவனுக்கும் பீப்பாய் செய்தவனுக்கும் நஷ்டஈடாக ஒரு காசும் வரவில்லை. மற்ற ஊர்கள் 1929க்குப் பிறகு கண்ட கஷ்டத்தை இவ்வூர் பத்தாண்டு முந்தியே கண்டது. ஸ்டோன் ஹில் நிலவறையில் என்ன செய்தார்கள் தெரியுமா? காளான் வளர்த்தார்கள்! இருட்டும் ஈரமும் அதற்கும் ஏற்றதுதானே.

1933இல் சட்டம் நீங்கியும் ஒயின் உடனே திரும்பவில்லை. 1965இல்தான் ஜிம் ஹெல்டு, பெட்டி ஹெல்டு என்ற விவசாயத் தம்பதி, நான்கு பிள்ளைகளோடு அந்தக் கட்டடத்தில் குடியேறி, நிலவறையைச் சுத்தம் செய்து மறுபடி தொடங்கினார்கள். மிசூரிக்குப் பெயர் வாங்கித் தந்த நார்ட்டன் என்ற கருந்திராட்சை மீண்டும் சரிவில் ஏறியது. 2003இல் அதையே மாநிலத் திராட்சையாக அறிவித்தார்கள்.

பிள்ளைகள் கேட்டால் திராட்சைச் சாறு வாங்கிக் கொடுங்கள்; அதுவும் அங்கே உண்டு. மாலை வண்டிக்கு நேரமிருந்தால் ஊர்க் கல்லறை வரை ஒரு நடை போய், பேயரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.