கழற்றித்தான் பாருங்களேன்!

உங்கள் வீட்டு வாக்குவம் கிளீனர் இப்போது எங்கே இருக்கிறது? பரணிலா, கட்டிலுக்கு அடியிலா? 'முன்ன மாதிரி இழுக்கலைங்க' என்று சொல்லித்தானே மூலையில் தள்ளினீர்கள்? ரிப்பேருக்கு வந்தவர் அரை நிமிஷம் பார்த்துவிட்டு, 'மோட்டார் போச்சுங்க, புதுசே வாங்கிடுங்க' என்றிருப்பார். நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள்.

எனக்கு வயிற்றெரிச்சலே அந்தத் தலையாட்டலில்தான். மோட்டார் ஓடும் சத்தம் வருகிறது, ஆனால் இழுக்கவில்லை என்றால், பெரும்பாலும் குற்றவாளி மோட்டார் அல்ல, அடைப்பு. சத்தம் வழக்கத்தைவிடக் கீச்சென்று ஏறினால் சந்தேகமே வேண்டாம். காற்று வர வழியில்லாமல் மோட்டார் சும்மா வேகமாகச் சுற்றுகிறது என்று அர்த்தம்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். தூசிப் பையைப் பாருங்கள். அடுத்து ஃபில்டர். கோலமாவும் விபூதியும் அதில் அப்பிக்கொண்டால் காற்று எப்படிப் போகும்? கழுவக்கூடிய ஃபில்டர் என்றால் கழுவி, ஒரு நாள் முழுக்க நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் மோட்டாருக்கு ஆபத்து. பிறகு குழாயைக் கழற்றி, ஒரு கோலிகுண்டை உள்ளே விடுங்கள். மறுமுனையில் விழவில்லையா? அடைப்பு அங்கேதான். பிரஷ்ஷில் தலைமுடி சுற்றியிருந்தால் கத்தரிக்கோல் போதும். ஓடிக்கொண்டே இருந்தது திடீரென்று நின்றால், சூடேறித் தானாக அணைந்திருக்கலாம். அடைப்பை எடுத்து, ஆறவிட்டுப் போடுங்கள்.

'கரண்ட் சமாச்சாரமாச்சே!' என்பீர்கள். மேலே சொன்னதில் எங்கே கரண்ட் இருக்கிறது? அத்தனையும் காற்று போகிற பாதை. தீய்ந்த நாற்றம், தீப்பொறி, அறுந்த வயர் என்றால் கை வைக்காதீர்கள். அப்போதும் குப்பைக்குப் போக வேண்டியதில்லை. தேய்ந்தது கார்பன் பிரஷ்ஷாக இருந்தால், அதை மட்டும் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. மோட்டார் வைண்டிங் கடைக்காரரிடம் கேளுங்கள். கோயமுத்தூர்ப் பக்கம் அதற்கா பஞ்சம்?

இது என்ன ஊர் என்பதை மறந்துவிட்டோம் சார். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மாட்டியே இயந்திரம் படித்தவர் ஜி.டி.நாயுடு. 1937-ல் அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் இங்கேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899 முதல் மலை ரயில் ஏறுகிறது. அந்தப் பல்சக்கர நீராவி எஞ்சின் பழசாகிவிட்டதென்று யாரும் ரயிலை மூட்டை கட்டவில்லை. பழுது பார்த்துப் பார்த்தே ஓட்டினார்கள். 2011-க்குப் பிறகு திருச்சி பொன்மலைப் பணிமனையில் புது எஞ்சினே செய்து அனுப்பினார்கள். அந்த ரயிலில் ஏறி போட்டோ எடுத்துக்கொள்ளும் நாம், வீட்டில் நாலு ஸ்க்ரூவுக்குப் பயப்படுகிறோம்!

கம்பெனிகளையும் சும்மா விடுவதற்கில்லை. உதிரிபாகம் கிடைக்காது, திறந்தால் வாரண்டி போச்சு என்று மிரட்டினால் யாருக்குத்தான் கை நீளும்? பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022-ல் கமிட்டி போட்டது, இணையதளமும் திறந்தது. நல்ல விஷயம். ஆனால் உரிமை கேட்பவனுக்குத்தான் உதவும். எது கெட்டது என்றே தெரியாதவன் எதைக் கேட்பான்?

அடுத்த முறை 'மோட்டார் போச்சு' என்று யாராவது சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'ஃபில்டரைப் பார்த்தீங்களா?' பதில் சொல்லத் திணறினால், பர்ஸை உள்ளே வைத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள்.