வெல்டருக்கு எத்தனை டெஸ்ட்டுங்க வைப்பீங்க?

பைப் வெல்டர் ஒருவர் கம்பெனியில் சேர்கிறார். கார்பன் ஸ்டீல் குழாயில் டிக் வெல்டிங், 6ஜி பொசிஷன், எக்ஸ்ரே ஓக்கே. ஒரு வாரம் கழித்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லைனுக்கு அனுப்பினால் க்யூ.சி. ஆசாமி மறிக்கிறார். "உங்க சர்டிபிகேட்ல பி-நம்பர் 1 தான் இருக்கு. இது பி-நம்பர் 8. மறுபடி டெஸ்ட் கொடுங்க." அன்றைய சம்பளம் போச்சு. டெஸ்ட்டில் கோட்டைவிட்டால் வேலையே போச்சு.

இத்தனைக்கும் ஏ.எஸ்.எம்.இ. 9-ம் பகுதியில் அப்படி ஒரு விதியே கிடையாது. க்யூ.டபிள்யூ-423 என்ற குட்டி அட்டவணையைப் புரட்டிப் பார்த்தால் தெரியும். பி-நம்பர் 1 முதல் 15எஃப் வரை, 34, பிறகு 41 முதல் 49 வரை. இதில் ஏதாவது ஒன்றில் பாஸானவர் அத்தனையிலும் வெல்டிங் செய்யலாம். அதாவது கார்பன் ஸ்டீல், கிரேடு 91, ஸ்டெயின்லெஸ், காப்பர்-நிக்கல், இன்கோனெல் எல்லாம் ஒரே கூடைக்குள். அலுமினியம் (21 முதல் 26) தனி. டைட்டானியமும் சிர்கோனியமும் தனி.

"அதெப்படி, இன்கோனெலும் இரும்பும் ஒண்ணா?" என்பார்கள். ஒண்ணு இல்லைதான். ஆனால் பி-நம்பர் பிறந்ததே வெல்டிங் செய்முறைக்கான பரிசோதனைகளைக் குறைக்கத்தான். கிரேடு 91க்கு எவ்வளவு முன்சூடு, பின்னால் எவ்வளவு வெப்பப் பதனம் என்பதெல்லாம் செய்முறைத் தாளில் எழுதப்பட வேண்டியது. அதை எழுதுகிறவர் இன்ஜினியர். வெல்டருக்கான டெஸ்ட் கேட்பது ஒரே கேள்வி: இந்தக் கை குறையில்லாத வெல்ட் போடுமா?

கைக்கு வித்தியாசம் தெரிவது பெரும்பாலும் ராடில்தான். அதை எஃப்-நம்பர் கவனித்துக்கொள்கிறது. 7018 ராடு எஃப்-4, ஸ்டெயின்லெஸ் ராடு எஃப்-5. ஆகவே 7018-ல் மட்டும் பாஸானவர் ஸ்டெயின்லெஸ் ராடைத் தொட முடியாது, தனி டெஸ்ட் வேண்டும். நிக்கல் ராடு, கம்பி எல்லாம் இன்னொரு வரிசை. அதன் உருகல் இரும்பு மாதிரி ஓடாது, மந்தமாக நகரும். ஆனால் டிக்கில் 70எஸ் கம்பியும் 308எல் கம்பியும் இரண்டுமே எஃப்-6. மேலே சொன்ன வெல்டரைத் தடுக்க விதியில் இடமே இல்லை. அலுமினியத்தைத் தனியே வைத்ததிலும் நியாயம் இருக்கிறது. உருகும் முன் நிறம் மாறாது, மேலே ஆக்சைடு படலம் வேறு. இரும்பில் பழகிய கண் அங்கே ஏமாறும்.

ஐரோப்பாக்காரர்களும் இதே பக்கம்தான் வந்து சேர்ந்தார்கள். பழைய இ.என். 287-1 அடி உலோகத்தைப் பார்த்து எல்லை போட்டது. 2012-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 9606-1 அதை விட்டுவிட்டு நிரப்பு உலோகத்தைப் பார்க்க ஆரம்பித்தது.

ஒரு இடத்தில் மட்டும் எதிர்த்தரப்பு சொல்வதில் உண்மை உண்டு. ஸ்டெயின்லெஸ் குழாய்க்கு உள்ளே ஆர்கான் பர்ஜிங் வேண்டும், இல்லாவிட்டால் ரூட் கருகிச் சர்க்கரை மாதிரிப் பொரிந்துவிடும். பர்ஜிங்கே பார்க்காமல் டெஸ்ட் முடித்தவரையும் விதி அனுமதித்துவிடுகிறது. சரி, அரை நாள் சொல்லிக்கொடுங்கள். அது பயிற்சி. பரீட்சை வைத்து வீட்டுக்கு அனுப்புவது எப்படிப் பயிற்சியாகும்?

கம்பெனி மாறினால் புது டெஸ்ட், ஆறு மாசம் அந்த முறையில் கை வைக்காவிட்டால் மறு டெஸ்ட். இதெல்லாம் விதியிலேயே இருக்கிறது, யாருக்கும் சண்டை இல்லை. கிளையன்ட் அதற்கு மேலும் கேட்கலாம், அது அவர் உரிமை. ஆனால் அதை ஒப்பந்தத்தில் எழுதி, டெஸ்ட் பீஸ், எக்ஸ்ரே, வெல்டரின் அன்றைய கூலி மூன்றையும் அவர் கணக்கில் பற்று எழுதட்டும். அப்புறம் எத்தனை பேர் இன்கோனெல் குழாயை வெட்டி டெஸ்ட் வைக்கிறார்கள் என்று பார்க்கலாம் :-)